அம்பு நிற்க வேண்டும்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் சாயாவில் டிகாஷன் கடுப்பம் கொஞ்சம் கூடுதல், சார். குறையாகச் சொல்லவில்லை, எனக்கு அது பழகிப் பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் வாங்கித் தந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் சர்க்கரை போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றதும் "ஷுகர் உண்டோ?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு நேற்று சாயங்காலம் ஒரே ஒரு தடவை கேட்ட ஞாபகம்தான் இருக்கும். அது உங்கள் குற்றமில்லை.

மலையாளத்தில் சொல்லச் சொன்னீர்கள். இருபது வருஷமாக ஃபைல் எழுதுவது மலையாளத்தில்தான், அதனால் அந்த மொழி எனக்கு ஆபீஸ் சட்டை மாதிரி. வீட்டு விஷயத்தை அதைப் போட்டுக்கொண்டு சொல்ல வராது. உங்கள் ரைட்டருக்குப் பாறசாலைப் பக்கம், தமிழ் நன்றாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அவர் எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் நயினார். கோட்டைக்குத் தெற்கே, இரண்டு தெரு தாண்டினால் யாருக்கும் பேர் தெரியாத ஒரு சின்ன சாஸ்தா கோயில் இருக்கிறதே, அங்கே பள்ளிவேட்டைக்கு அம்பு எய்கிற உரிமை எங்கள் குடும்பத்துக்கு. ராஜா காலத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பார்கள். வருஷம் முழுக்க நான் அரசாங்க ஆபீஸில் யு.டி. கிளார்க். பங்குனித் திருவிழா ஒன்பதாம் நாள் மாலை மட்டும் வில்லாளி. ஆபீஸில் என்னை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த ஒரு மாலை தெருவே பார்க்கும்.

அன்று சாமி வேட்டைக்குப் போகிறார். குளத்தங்கரையில், மதில் ஓரமாக, மாவிலையும் பலாவிலையும் குவித்துச் சின்னதாக ஒரு காடு செய்வார்கள். நடுவில் கழுத்தளவு உயரத்துக்கு மூங்கில் முக்காலி. அதன்மேல் ஒரு கரிக்கு. அந்த இளநீர்தான் காட்டுப்பன்றி. ஒரு கல்யாணப் பந்தல் நீளத்துக்கு இப்பால் நின்று நான் எய்ய வேண்டும். ஒரே அம்பு. பட்டால் மட்டும் போதாது, அம்பு கரிக்கில் நிற்க வேண்டும். பட்டுக் கீழே விழுந்தாலும் சங்கு ஊதிவிடுவார்கள், சடங்கு முடிந்துவிடும். ஆனால் அன்று திரும்பிப் போகும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு ஆசாரம் உண்டு. கோயிலிலிருந்து புறப்பட்டது முதல் அம்பு படும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. செண்டை கிடையாது, சங்கு கிடையாது, கைக்குழந்தைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். சத்தம் கேட்டால் மிருகம் ஓடிவிடும், வேட்டை கெட்டால் தெருவில் சாவு விழும் என்று நம்பிக்கை. கிழக்கேகோட்டையில் கண்டக்டர்கள் நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று கூவுவது அந்த நேரத்தில் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். எங்களில் ஒருவர் மூச்சுக்கூடக் கேட்காது.

மூன்று நான்கு வருஷமாகவே என் அம்பு நிற்கவில்லை. கண் போய்விட்டது. போதாததற்கு இந்தக் கரண்ட் கட். முன்பெல்லாம் எதிர் வீட்டு ட்யூப்லைட் வெளிச்சம் மதிலில் விழும். இப்போது சாயங்காலம் அரை மணி நேரம் ஊரே இருட்டு, அது சரியாக எங்கள் நேரத்தில் வருகிறது. பாசி பிடித்த கறுத்த மதிலுக்கு முன்னால் பச்சைக் கரிக்கு. அந்திக் கருக்கலில் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. கண்ணாடி போட்டால் நாண் கன்னத்தில் உரசும்போது அது நகர்ந்து இரண்டு கரிக்காகத் தெரியும்.

அண்ணன் மகன் ஜெயன், ஸ்டேடியத்தில் ஃபைபர் வில் வைத்துப் பழகியவன், என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னான். "சித்தப்பா, ஒரு வருசம் நான் எய்து நோக்கட்டே? உங்களுக்கு ரெஸ்டு ஆகும்." கமிட்டி செக்ரட்டரி மரியாதை குறைவாகச் சொன்னார். இந்தத் தடவையும் அம்பு நிற்கவில்லை என்றால் உரிமை ஜெயனுக்கு என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்குப் பிள்ளைகள் கிடையாது. அந்த வில்லைத் தவிர என் பேரில் வேறொன்றும் கிடையாது என்பதையும் அவர்கள் யோசித்திருக்கலாம்.

முதல் தடவை நடந்தது இப்படி. நான் கண்ணாடியை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். செண்பகவல்லி, என் மனைவி, அதைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முன்வழி முழுக்கக் கூட்டம். அவள் மதிலை ஒட்டிய சந்து வழியாக வந்தாள். அந்தச் சந்து இலைக்குவியலுக்கு நேர் பின்னால் திறக்கும். சத்தமே இல்லாததால் எழுந்தருளல் இன்னும் வந்து சேரவில்லை என்று நினைத்திருப்பாள். தெருக்காரர்கள் பத்திருபது பேர் அவளைப் பார்த்தார்கள். அவள் கூடப்பிறந்த தம்பி வன்னியபெருமாளும் பார்த்தான். அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

நான் அவளைப் பார்க்கவில்லை. திடீரென்று பின்னால் ஏதோ வெளுத்து, கரிக்கு பளிச்சென்று தெரிந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். விளிம்பு வரை தெரிந்தது. சந்தோஷத்தில் கை முந்திவிட்டது. அம்பு கரிக்கின் ஓரத்தில் உரசிக்கொண்டு போனது. பிறகுதான் அந்த வெளுப்பு என்ன என்று புரிந்தது. கோயிலுக்கென்று அவள் உடுத்தும் வெள்ளைச் செட்டு முண்டு. அதை உடுத்தபடியே அம்பு பட்டு விழுந்து கிடந்தாள்.

அன்று இரவு உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். வன்னியபெருமாள் என் காலடியில் உட்கார்ந்து, "அத்தான், நான் கண்டேன். கண்டுட்டும் வாய் வரல்ல அத்தான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நீங்கள் சாயா வாங்கித் தந்தீர்கள். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

விழித்தபோது என் கட்டிலில் இருந்தேன். குக்கர் கூவியது. பக்கத்து வீட்டு சரஸ்வதியம்மாள் பைப்படியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். பேப்பரில் முந்தின நாள் பார்த்த அதே தேதி. செண்பகவல்லி காபியோடு வந்து நின்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுததில் காபி கொட்டிப்போனது. "என்ன, சொப்பனம் கண்டீங்களா? விடுங்க, அடுப்புல பால் கெடக்கு," என்றாள். இதைவிட நல்ல வாக்கியத்தை நான் கேட்டதில்லை என்று அன்று தோன்றியது. பிறகு எத்தனையோ காலையில் கேட்டுவிட்டேன், இப்போது அது வெறும் சத்தமாகத்தான் காதில் இருக்கிறது.

அந்த இரண்டாம் தடவை நான் கண்ணாடியை ஞாபகமாக எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். அவள் வரவில்லை. அம்பு பட்டு, ஆடி, விழுந்தது. சங்கு ஊதினார்கள். செக்ரட்டரி அங்கேயே வைத்து, "இனி ஜெயன் எய்யட்டே, நயினாரே" என்றார். வீட்டுக்கு வந்து செண்பகவல்லி கையால் தோசை சாப்பிட்டேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனைவி இருக்கிறாள், கனவில் வந்த எச்சரிக்கை என்று வைத்துக்கொண்டு படுத்தேன்.

காலையில் குக்கர் கூவியது. சரஸ்வதியம்மாள் ஏசினார். அதே தேதி.

நீங்கள் நம்ப வேண்டாம், சார். நேற்று சொன்னபோது, "நயினாரே, இதொக்கே ஒரு கதையல்லே?" என்றீர்கள். முன்பு சொன்ன எல்லாத் தடவையும் அதைத்தான் சொன்னீர்கள். ஆபீஸில் ஒரே நாளை இருபது வருஷம் வாழ்ந்தவனுக்கு இது ஒன்றும் அவ்வளவு புதுசாகத் தெரியவில்லை. எத்தனை நாள் என்று எண்ணவில்லை. எண்ணுவது ஆபீஸ் வேலை.

நான் யோசித்தது சரியா தவறா என்று நீங்களே சொல்லுங்கள். அவளைக் காப்பாற்றுவதற்காக இந்த நாள் திரும்பி வந்தது என்றால், காப்பாற்றிய பிறகு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அப்படியானால் பாக்கி இருப்பது என்ன? அம்பு. அம்பு நிற்கும்வரை இந்த நாள் போகாது என்று எனக்குப் பட்டது. ஒரு சாதாரண மனிதனுக்கு வருஷத்துக்கு ஒரு அம்புதான். எனக்கு வேண்டிய மட்டும் கிடைத்தது. இதை ஒரு சலுகை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அதனால் பழக ஆரம்பித்தேன். சில நாள் கண்ணாடி போட்டு எய்தேன், சில நாள் கண்ணாடி இல்லாமல், அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு. ஒரு நாள் காலையிலேயே அவளை நாகர்கோவில் பஸ் ஏற்றிவிட்டேன். எல்லா நாளும் அவள் பத்திரமாக இருந்தாள், எல்லா நாளும் அம்பு விழுந்தது. ஒரு நாள் கை வலிக்கிறது என்று சொல்லி வில்லை ஜெயன் கையில் கொடுத்தேன். முதல் தடவையிலேயே அவன் அம்பு நின்றது. தெரு முழுக்க அவனைத் தூக்கிக்கொண்டு ஆடியது. செண்பகவல்லி பாயசம் வைத்து அவனுக்கும் ஒரு தூக்கு கொடுத்துவிட்டாள். என் வாழ்க்கையில் அதைவிட மோசமான நாள் இல்லை. நல்லவேளை, அதுவும் அழிந்துபோனது.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த வெளுப்பு ஞாபகம் வந்தது.

அவள் பின்னால் வந்து நின்ற ஒரே நாளில்தான் கரிக்கு எனக்குத் தெரிந்தது. அன்று அம்பு விலகியதற்குக் காரணம் அவசரம், கண் இல்லை. அவசரப்படாமல் நடுவில் அடித்தால் அம்பு கரிக்கிலேயே நின்றுவிடும். நின்றுவிட்டால் பின்னால் இருப்பவளுக்கு ஒன்றும் ஆகாது. இதில் எங்கே தப்பு இருக்கிறது? நான் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அவள் எடுத்துக்கொண்டு வந்தாள்.

முதலில் நிறைய நாள் அவள் விழுந்தாள். மறைப்பதற்கில்லை. தெரிந்துகொண்டே எய்த அந்த முதல் நாள் வாந்தி எடுத்தேன், நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். அடுத்தடுத்து அது குறைந்தது. ராத்திரி உங்கள் பெஞ்ச், காலையில் என் கட்டில். அவள் காபி கொண்டு வந்துவிடுவாள். அவள் போவதும் வருவதும் கரண்ட் கட் மாதிரி ஆகிவிட்டது, அரை மணி இருட்டுக்கு யாரும் அழமாட்டார்கள். உங்களிடம் அழுவதுபோல் நடித்த நாட்களும் உண்டு, அதற்கு மட்டும் மன்னிக்க வேண்டும்.

அவள் விழுகிற விதத்தில் என் கைப்பிழை தெரிந்துவிடும். இடது தோளில் பட்டால் நான் மூச்சைச் சீக்கிரம் விட்டுவிட்டேன் என்று அர்த்தம். கன்னத்தில் பட்டால் முழங்கை தூக்கியிருக்கிறது. ஜெயனுக்கு ஸ்டேடியத்தில் கோச் உண்டு. எனக்கு யார் இருக்கிறார்கள்?

பிறகு ஒரு நாள் அம்பு நின்றது. கரிக்கின் நட்டநடுவில், ஆடாமல். முனை மட்டும் பின்பக்கம் ஒரு விரலளவு வெளியே வந்திருந்தது. அவள் அதற்கு அப்பால் கண்ணாடிக் கூடும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். சங்கு ஊதினார்கள், செண்டை வெடித்தது. செக்ரட்டரி என் தோளைத் தொட்டார். அப்போதுதான் அவளுக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரிந்து, வாயில் முண்டின் நுனியைத் திணித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னவாம்? நான் பாட்டுக்கு வந்து நிக்கேன். மேல பட்டிருந்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் வந்தது.

அன்றோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். காலையில் குக்கர் கூவியபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை, சார். சந்தோஷம்தான் வந்தது.

அதன்பிறகு தினமும் நின்றது என்றே சொல்லலாம். எப்போதாவது கை பிசகும். அவள் எவ்வளவு நெருங்கி நிற்கிறாளோ அவ்வளவு விளிம்பு துலங்கும் என்று கண்டுகொண்டேன். நேற்று அவள் மற்ற எல்லா நாளையும்விட நெருக்கமாக, இலைகளோடு ஒட்டி நின்றாள். கரிக்கின் தோலில் இருந்த ஒரு சிராய்ப்பு வரை எனக்குத் தெரிந்தது. வன்னியபெருமாள் வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டான். நான் மூச்சைப் பிடித்து, விட்டு, எய்தேன். அம்பு நடுவில் போய் நின்றது. நின்றதும் சங்கு ஊதினார்கள். ஆசாரப்படி அம்பு நின்றால் ஊத வேண்டும். செண்டை அடங்கிய பிறகுதான் அவள் கீழே விழவில்லை, அம்பு முனையில் மாட்டி, கரிக்கோடு சேர்ந்து நிற்கிறாள் என்று ஜெயன் கவனித்தான்.

இங்கே வந்தேன். சாயா குடித்தேன். படுத்தேன். இன்று காலை விழித்தபோது இந்த பெஞ்சில்தான் இருந்தேன். உங்கள் மேசையில் புதுத் தேதி போட்ட பேப்பர் இருந்தது. அதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்க வேண்டும். மரத்துப்போன காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம், அப்படித்தான் இருக்கிறது. நாளைக் காலையில் காபி வராது என்பது மட்டும் விளங்குகிறது.

சற்று முன்னால் ஒன்று கேட்டீர்கள். வெளுப்புதான் வேண்டும் என்றால் மதிலில் ஒரு வேஷ்டியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கலாமே என்று. நியாயமான கேள்வி. கட்டினேன். அதுவும் ஒரு நாள் செய்து பார்த்தேன். என் வெள்ளை வேஷ்டியைச் சந்து முகப்பில் கட்டிவிட்டு எய்தேன். கரிக்கு நன்றாகத் தெரிந்தது, அம்பு நின்றது. செண்பகவல்லி வீட்டில் டி.வி. முன்னால் பயறு உரித்துக்கொண்டிருந்தாள். ஜெயன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. எல்லா நாளையும் வைத்துப் பார்த்தால் அதுதான் ஒழுங்காக முடிந்த நாள். அது நிலைத்துவிடுமோ என்று படுக்கையில் எனக்குப் பயமாக இருந்தது. துணிக்கு முன்னால் யார் வேண்டுமானாலும் எய்யலாம்.

அது நேற்றைக்கு முந்தின தடவை. நேற்றுக் காலை காபி வாங்கிக் குடித்துவிட்டு, கண்ணாடியை நானே அவள் கையில் கொடுத்தேன். சாயங்காலம் செட்டு முண்டு உடுத்துக்கொண்டு, சந்து வழியாக வந்து, முக்காலியோடு ஒட்டி நிற்கச் சொன்னேன்.

"அங்ஙன நிக்கப்பிடாதுல்லா? யாராவது ஏசுவாங்க," என்றாள்.

"யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

"மேல பட்டிரும் கேட்டீங்களா."

"நானில்லா எய்யுதேன்," என்றேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

நீங்கள் நல்ல மனிதர். குறி தவறியதால் நேர்ந்த விபத்து என்று மகஸர் எழுதி வைத்திருக்கிறீர்கள். வன்னியபெருமாளும் ஜெயனும் அப்படியே சாட்சிமொழி கொடுத்துவிட்டார்கள், சாயங்காலத்துக்குள் ஜாமீன் கிடைக்கும் என்கிறீர்கள். நன்றி, சார். ஆனால் அதில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. சாக்கில் கட்டி வைத்திருக்கிற அந்தக் கரிக்கை எடுத்துப் பாருங்கள், துளை நட்டநடுவில் இருக்கிறது. குறி தவறவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்திக் கொடுங்கள், மற்றபடி நீங்கள் என்ன எழுதினாலும் போட்டுத் தருகிறேன்.